மணலில் ஊன்றிய கல்: சர் ஆர்தர் காட்டன் வாழ்வும் வருங்காலக் கடனும்

துறையூரிலிருந்து புலிவலம், மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்வோர் கொள்ளிடத்தைக் கடந்த பின்னரே திருவரங்கத் தீவில் கால்வைக்க இயலும். ஆண்டின் பெரும்பகுதி அவ்வாறு வெண்மணற் பரப்பாகவே கிடக்கும். நீரற்ற ஆற்றைக் காணும் வெளியூரார், மழை பொய்த்ததென்று எண்ணுவர். உண்மை அதுவன்று. மேற்கே முக்கொம்பில் குறுக்கிடும் ஓர் அணை, கொள்ளிடத்தில் வீணே விரைந்து கடல் சேரவிருந்த நீரைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பிவிடுகின்றது. கொள்ளிடத்தின் வறட்சியே தஞ்சைக் கழனிகளின் செழுமை. 1836ஆம் ஆண்டு அங்கே அணை எழுப்பியவர் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் நீர் தந்த மக்களுள் மிகப் பலர் அவர் மறைந்த பின்னர்ப் பிறந்தவர்கள். பிறவாதவர்க்குச் செய்ய வேண்டிய கடன் யாது என்னும் வினாவை எழுப்புவோர்க்கு அவருடைய வாழ்வு சிறந்ததொரு பாடமாகும்; அவர்தம் வெற்றி மட்டுமன்றி, அவர் காணத் தவறியவையும் அப்பாடத்துள் அடங்கும்.

பிறப்பும் பயிற்சியும்

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். ஹென்றி கால்வெலி காட்டன் என்பாருக்குப் பத்தாவது மகன். உடன்பிறந்த ஆண்மக்களோ அவரையும் சேர்த்துப் பதினொருவர். பதினைந்தாம் வயதில் கிழக்கிந்தியக் கும்பினியார் ஆடிஸ்கோம்பில் நடத்திய படைப்பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். 1819இல் பொறியாளர் படைப்பிரிவில் அமர்த்தம் பெற்று, வேல்ஸ் நாட்டில் நிலஅளவைப் பணியில் சிறிது காலம் பயின்றார். 1821இல் சென்னை மாகாணத்துப் பணிக்கென இந்தியா வந்தடைந்தார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

தொடக்கக் காலத்திலேயே ஏரிகளைப் பேணும் துறையில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. ஏரிகளையும் கலிங்குகளையும் மதகுகளையும் நேரிற்கண்டு ஆராயும் பேறு இளமையிலேயே அமைந்தது. இடையில் 1824ஆம் ஆண்டு மூண்ட முதற் பர்மியப் போருக்கும் அனுப்பப்பட்டார். போர்ப் பயிற்சி பெற்று வந்தவர் நீர்ப்பணிக்கே தம்மை ஒப்படைத்தமைக்கு, அந்த ஊர்ச்சுற்றில் அவர் பெற்ற நாணமும் ஒரு காரணம் எனலாம். பிற்காலத்தில் அதனை அவரே எழுதியிருக்கின்றார். ஆங்கிலேயர் போரிடுவதில் வல்லவர்; ஆயினும் முன்னோர் வெட்டி வைத்த ஏரிகளைப் பழுதுபார்க்கும் அளவிற்கும் அறிவோ அக்கறையோ இல்லாதவர் என்று நம்நாட்டு மக்கள் அந்நாளில் இகழ்ந்து பேசினர். அவ்விகழ்ச்சி நேர்மையானதே என்று காட்டன் ஒப்புக்கொண்டார். ஆளும் இனத்தவர் ஒருவர் ஆளப்படும் மக்களின் ஏளனத்தைச் சினமின்றி ஏற்றுக்கொண்டது அந்நாளில் அரிதான செய்கையாகும்.

காவிரி கண்ட நோய்

1828ஆம் ஆண்டு காப்டன் நிலைக்கு உயர்ந்த காட்டனிடம் காவிரிப் பாசனத்தை ஆராயும் பொறுப்பு வழங்கப்பட்டது. அப்போது தஞ்சை நாடு ஒரு மெல்லிய நோயால் தளர்ந்துகொண்டிருந்தது.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்னும் பெயரையே தாங்கிச் செல்கின்றது, வடகிளை கொள்ளிடமாகின்றது. இரண்டிற்கும் நடுவே அரங்கன் பள்ளிகொண்ட தீவு. கொள்ளிடம் கடலுக்கு நேரே செல்வது, சரிவு மிகுந்தது, படுகை தாழ்ந்தது. தென்கிளையோ சரிவு குறைந்தது. ஆதலின் வண்டலும் மணலும் தென்கிளையின் தலைப்பில் படிந்து மேடாகிக்கொண்டே வந்தன. மேடு உயர உயரப் பள்ளத்தை நாடும் நீர் கொள்ளிடத்திற்கே சென்றது. வெள்ளக் காலத்தில் கொள்ளிடம் பெருகிக் கரையுடைக்க, காவிரியின் கடைமடைகள் நீரின்றிக் காய்ந்தன.

இந்நோயை முதலில் கண்டறிந்து கூறியவர் 1804ஆம் ஆண்டு அளவில் காவிரியை ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் ஆவார். இவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் கண்ட அறிஞர் கால்டுவெல் அல்லர். அவருக்கு ஒரு தலைமுறை முற்பட்ட படைப்பொறியாளர். இவருடைய அறிவுரைப்படி கல்லணையின் உயரம் கூட்டப்பட்டது. எனினும் நோயின் மூலம் கல்லணையில் இல்லை. அதற்கு மேலே, ஆறு பிரியும் இடத்தில் இருந்தது. மேட்டை ஆண்டுதோறும் வெட்டியெடுப்பது ஒரு தலைமுறைக்குப் போதும். மேடே உருவாகாத வண்ணம் ஆற்றின் போக்கை மாற்றுவதுதான் பின்வரும் தலைமுறைகட்கும் பயன்தரும் என்று காட்டன் முடிவுசெய்தார்.

கல்லணை என்னும் ஆசான்

முடிவு எளிது; செயல் அரிது. கொள்ளிடத்தின் படுகையில் எவ்வளவு ஆழம் தோண்டினும் மணலே காணப்பட்டது. பாறையில் அடித்தளம் ஊன்றுவதே அன்றைய ஐரோப்பியப் பொறியாளர் கற்ற கல்வி. அடிகாணாத மணலில் அணையை நிறுத்துவது எவ்வாறு?

விடை சில கல் தொலைவிலேயே கிடந்தது. சோழன் கரிகாலன் எடுப்பித்தது என்று மரபு கூறும் கல்லணை அந்நிலையில் ஏறத்தாழ 1,080 அடி நீளமும், 40 முதல் 60 அடி வரை அகலமும், 15 முதல் 18 அடி வரை ஆழமும் உடையதாக, வளைந்து நெளிந்த வடிவில், ஆற்று மணலின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அதன் அகட்டைக் கண்டபோது, கரடுமுரடான கற்களும் களிமண்ணுமே உள்ளீடாக இருக்கக் கண்டனர். மணலின் மேல் இடப்பட்ட பெருங்கற்கள், நீரோட்டம் அடிமணலை அரிக்க அரிக்கத் தாமே கீழிறங்கும். அவற்றின்மேல் மீண்டும் கற்களை அடுக்க, ஒரு நிலையில் அசைவற்று ஊன்றி நிற்கும். நீரின் பகைமையையே துணையாகக் கொண்ட அறிவு அது.

அடிகாணாத மணலில் அடித்தளம் அமைக்கும் முறையைக் கல்லணை கட்டியோரிடமிருந்தே தாங்கள் கற்றதாகக் காட்டன் பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். தமிழில் அணைக்கட்டு என வழங்கிய சொல்லும் அனிகட் எனத் திரிந்து ஆங்கிலப் பொறியியல் அகராதியில் ஏறிற்று. பொருளோடு சொல்லையும் கடன்கொண்டனர் என்பது கருதத்தக்கது.

இங்குத் தமிழறிந்தார் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. கரிகாலனைப் பாடும் பொருநராற்றுப்படையும் பட்டினப்பாலையும் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றை யாத்த முடத்தாமக்கண்ணியாரையும் கடியலூர் உருத்திரங்கண்ணனாரையும் நாம் பெயர் சொல்லிப் போற்றுகின்றோம். ஆனால் அவ்விரு பாட்டுகளிலும் கல்லணை பேசப்படவில்லை. மணலில் கல்லை ஊன்றிய தொழில்வல்லார் ஒருவர் பெயரேனும் எஞ்சவில்லை. பெயரிழந்த அவர்கள் எவருக்காகக் கட்டினார்கள்? தம் மக்களுக்கும் பேரர்க்கும் என்று கூறலாம். பல நூற்றாண்டுகள் கழித்து, கடல்கடந்த நாட்டிலிருந்து வரும் இளைஞன் ஒருவனுக்குப் பாடம் புகட்டுவோம் என்று அவர்கள் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள். ஆயினும் செம்மையாகச் செய்த பணி, செய்தவன் கருதாதவர்க்கும் சென்று சேர்கின்றது. புறநானூற்றில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நிலம் குழிந்த இடந்தோறும் நீர்நிலை அமைப்பவரே இவ்வுலகில் நிலைபெறுவர் என்னும் கருத்தை அறிவுறுத்துகின்றார். நிலைபெறுவது பெயரன்று, செயல் என்பதைப் பெயரற்ற கல்லணைத் தச்சர் காட்டிச் சென்றனர்.

மேலணையும் கீழணையும்

1836ஆம் ஆண்டு முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை எழுந்தது. ஏறத்தாழ 685 மீட்டர் நீளமுடைய அது, உயரத்தால் வியக்கவைக்கும் அணையன்று. நீரைத் தேக்கிவைப்பதும் அதன் நோக்கமன்று. தாழ்ந்த கொள்ளிடத்தின் வாயிலில் ஒரு படிபோல் நின்று, நீரைக் காவிரியின் பக்கம் திருப்புவது. பெருவெள்ளம் வரின் தன் தலைமேல் ஏறிச் செல்ல விடுவது. அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரை என்னுமிடத்தில் கீழணையும் கட்டப்பட்டது.

கீழணையின் நீர் வடவாற்றின் வழியே வீராணம் ஏரியை அடைகின்றது. பத்தாம் நூற்றாண்டில் சோழர் வெட்டிய ஏரி அது. 2004ஆம் ஆண்டு முதல் அவ்வேரி நீர் குழாய் வழியே சென்னை மாநகருக்கும் செல்கின்றது. சோழர் ஏரி, காட்டன் அணை, பின்னாளில் தீட்டிய குழாய்த்திட்டம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இன்று சென்னையில் ஒரு குடத்தை நிரப்புகின்றன. அவற்றுள் முதலிரண்டையும் ஆக்கியோர் அக்குடத்தை அறியார்.

இனி, அறத்தை ஆராய்வோர் மறைக்கலாகாத பக்கமும் உண்டு. கும்பினியார் அணை கட்டப் பணம் ஈந்தது தஞ்சை உழவர் மேல் கொண்ட அருளால் அன்று. நிலவரி பெருகும் என்னும் கணக்கால். காட்டனும் தம் திட்டங்கட்கு இசைவு பெற அக்கணக்கையே அரசின்முன் வைத்தார். வரியை எண்ணி அரசு கட்டியது; கட்டிய அணை வரி வாங்கிய அரசு மறைந்த பின்னும் நீர் தந்தது. நோக்கம் குறுகியதாயினும் பணி நெடியதாகலாம். ஆனால் அதனை நம்பி நோக்கத்தை ஆராயாமல் விடுதல் தகாது. வரி குறையும் இடத்தில் அதே அரசு எத்தனை ஏரிகளைத் தூர்ந்துபோக விட்டது என்பதற்கு வானம் பார்த்த வட்டங்களே சான்று.

மேலும், அணையால் எதிர்பாராத விளைவும் நேர்ந்தது. முன்பு நீர் குறைந்து மேடிட்ட காவிரித் தலைப்பு, இப்போது நீர் மிகுந்து அரிக்கப்படலாயிற்று. படுகை ஆழமாகிக் காவிரி அளவிற்கு மீறி நீர் கொண்டது. தஞ்சைக்கு வறட்சியைத் தவிர்க்க எழுந்த அணை வெள்ளத்தைக் கொணரும் என்னும் அச்சம் தோன்றியது. ஆதலின் மேலணையின் ஒரு பகுதி தாழ்த்தப்பட்டது. 1845இல் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு அமைக்கப்பட்டது. பத்தாண்டு நிறைவதற்குள் திருத்தம் தேவைப்பட்டதைக் குறையென்று மட்டும் கொள்ளுதல் சரியன்று. வருங்காலத்தை முற்றக் காணும் கண் எவர்க்கும் இல்லை. கட்டிய பின்னும் அருகிருந்து நோக்கித் திருத்தும் பொறுமை வேண்டும் என்பதே அதன் பாடம்.

கோதாவரிக் கரையில்

வெயிலும் காய்ச்சலும் காட்டனின் உடலை நலிவித்தன. உடல்நலம் நாடி டாஸ்மேனியாத் தீவுக்குச் சென்ற அவர், 1841இல் எலிசபெத் லியர்மாந்த் என்பாரை மணந்தார். மீண்டு வந்தவரைக் கோதாவரி அழைத்தது.

1833ஆம் ஆண்டை ஒட்டி ஆந்திரக் கடற்கரையில் கொடும்பஞ்சம் நிகழ்ந்திருந்தது. பெருநதியொன்று கண்முன்னே கடலுக்கு ஓட, அதன் கரையிலேயே மக்கள் பசியால் மடிந்தனர். தஞ்சையில் இருந்த கல்லணை போன்ற முன்னோர் செல்வம் கோதாவரிக்கு வாய்க்கவில்லை. காவிரியில் கற்ற பாடத்தை அங்கே கொண்டு சென்றார் காட்டன். 1847இல் தொடங்கித் தௌலேசுவரத்தில் எழுந்த அணை 1852இல் நிறைவுற்றது. கரிகாலன் காலத்துத் தமிழ்த் தச்சரின் அறிவு, ஓர் ஆங்கிலேயர் வழியாகத் தெலுங்கு நாட்டு வயல்களை நனைத்தது. பஞ்சபூமி நெற்களஞ்சியமாக மாறியது. இன்றும் அங்குள்ள உழவர் அவர் பிறந்தநாளில் சிலைக்கு மாலையிட்டு வணங்குகின்றனர். பழைய அணையின் இடத்தில் பின்னர் எழுந்த புதிய அணையும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

பழியும் முதுமையும்

1860இல் ஓய்வு பெற்ற காட்டனுக்கு 1861இல் சர் பட்டம் வழங்கப்பட்டது. ஆயினும் ஓய்வுக்காலம் அமைதியாகக் கழியவில்லை. இந்தியாவெங்கும் இருப்புப்பாதை இடுவதே முன்னேற்றம் என்று இங்கிலாந்து கருதிய காலம் அது. காட்டன் அதனை எதிர்த்தார். சென்னையை அடுத்த செங்குன்றத்தில் 1837ஆம் ஆண்டு அளவிலேயே கல் ஏற்றிச்செல்லும் இருப்புப்பாதையை அமைத்தவர் அவர்தாம் என்பதால், அறியாமையால் எதிர்த்தார் என்று கூறவியலாது. இருக்கும் தானியத்தை இருப்புப்பாதை இடம்பெயர்க்கும். இல்லாத தானியத்தை விளைவிக்காது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கியது தாது வருடப் பஞ்சம். பன்னூறாயிரவர் மாண்டனர். துறைமுகங்கட்கும் நகரங்கட்கும் இருப்புப்பாதை வழியே தானியம் வந்து குவிந்தும் அதனை வாங்க வழியற்றோர் இறந்தனர். எழுபத்தைந்து வயதை எட்டிய காட்டன், 1878இல் பாராளுமன்றக் குழுவின்முன் நின்று நீர்ப்பணிகளுக்காக வாதாடினார். நதிகளை இணைக்கும் திட்டங்களையும் முன்வைத்தார். குழுவினர் அவருடைய பெருந்திட்டங்களை ஏற்கவில்லை. செலவாளி என்றும் கனவுகாண்பவர் என்றும் அவர் பழிக்கப்பட்டார்.

அவருடைய வாதங்கள் யாவும் சரியென்பதற்கில்லை. கடலில் கலக்கும் நீரெல்லாம் வீண் என்று அவர் காலத்தினர் எண்ணினர். ஆற்றுநீர் சுமந்து செல்லும் வண்டலே கழிமுகத்தைக் காக்கின்றது என்பதும், நன்னீர் குறைந்தால் உவர் உள்ளேறும் என்பதும், அலையாத்திக் காடுகள் தளரும் என்பதும் பின்வந்தோர் கண்ட உண்மைகள். வருங்காலத்து உழவனை நினைந்தவர் வருங்காலத்து மீனவனை நினையவில்லை. அன்பின் பார்வைக்கும் எல்லையுண்டு. அவ்வெல்லையை விரிப்பது அடுத்த தலைமுறையின் அறிவு.

முதுமையில் டார்க்கிங் என்னும் ஊரில் வாழ்ந்த அவர், தம் தோட்டத்து மண்ணை ஆழக் கிளறிக் கோதுமை விளைவை மிகுவிக்கும் சோதனைகளில் ஈடுபட்டார். பெருநதிகளைத் திருப்பியவர் சிறு பாத்தியில் மனநிறைவு கண்டார். 1899ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள், தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். மறுஆண்டு அவருடைய மகள் லேடி ஹோப் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார்.

கொள்ளிடம் கேட்கும் கணக்கு

அவர் மறைந்து நூற்றாண்டு கடந்த பின்னர், 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் பாய்ந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே 1928இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு முக்கொம்பு மேலணையின் நாற்பத்தைந்து மதகுகளுள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. 182 ஆண்டுகள் நின்ற அணை உடைந்தது. ஆற்றில் அளவின்றி மணல் அள்ளியதே காரணம் என்று உழவர் அமைப்பினர் கூறினர். அணையின் முதுமையும் வெள்ளத்தின் விசையும் காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. பின்னர் ஏறத்தாழ 387 கோடி ரூபாய் மதிப்பில் புதிய கதவணை கட்டப்பட்டது.

காரணம் எதுவாயினும், மணலைப் பற்றிய ஓர் உண்மை மாறாது. கல்லணையையும் மேலணையையும் தாங்கி நின்றது பாறையன்று, மணல். கரிகாலன் காலத்துத் தச்சர் மணலை நம்பிக் கல்லை ஊன்றினர். காட்டன் அம்மணலையே நம்பினார். ஆற்று மணலில் இவ்விரு தலைமுறையினர் இட்ட முதலீடு புதைந்து கிடக்கின்றது. அதனை வண்டி வண்டியாக விற்பவர் தம் பொருளை விற்கவில்லை. பிறவாதவர் பெயரில் வைக்கப்பட்ட அடைமானத்தை விற்கின்றார். ஒரு பெருவீடு எழும்பும் மகிழ்ச்சி இன்றைக்கு உரியது. சரியும் மதகின் இழப்பு இன்னும் பெயரிடப்படாத குழந்தைகட்கு உரியது. அக்குழந்தைகட்கு வழக்காட மன்றமில்லை, வாக்களிக்க உரிமையுமில்லை. ஆதலின் அவர்கள் சார்பில் பேசுவது இருப்போர் கடனாகின்றது.

காட்டன் வாழ்வில் அக்கடன் மூன்று கூறுகளாக விளங்குகின்றது. முன்னோர் பணியை அறிந்து ஏற்றல் முதலாவது. தன் இனத்தின் செருக்கை விட்டுக் கல்லணையின்முன் மாணவனாக நின்றபோது அதனைச் செய்தார். செய்ததைத் திருத்தல் இரண்டாவது. மேலணைக்குப் பின் காவிரித் தலைப்பில் நிகழ்ந்த வேலை அதனைக் காட்டும். பேணுதல் மூன்றாவது, அது செத்தவரால் ஆகாதது. முதலிரண்டையும் செய்து முடித்து, மூன்றாவதை அவர் பின்வந்தோரிடம் விட்டுச்சென்றார்.

பச்சைமலையின் அடிவாரத்தில் காவிரி பாயாத ஊர் துறையூர். ஆயினும் இங்கும் பெரிய ஏரியும் சின்ன ஏரியும் உள்ளன. அவற்றின் கரைகளை எழுப்பியோர் பெயர்களும் பெரும்பாலும் மறைந்தன. குடிமராமத்து என்னும் பெயரில் ஊரார் கூடி வரத்துவாய்க்காலைத் தூர்வாரிய வழக்கம், கும்பினியாட்சியில் தளர்ந்து, பின்னர் நினைவளவில் நின்றது. முக்கொம்பின் மதகும் துறையூரின் மடையும் அளவால் வேறு, கடனால் ஒன்றே. முன்னோர் ஏட்டைப் படியெடுத்துக் காத்தமையால் புறநானூறு நம் கைக்கு வந்தது. கரையை மண்ணிட்டுக் காத்தமையால் ஏரி நம் கண்முன் நிற்கின்றது. ஏட்டைப் போற்றும் கவிஞர் கரையையும் போற்றுவாராயின், இனி வரும் ஒரு தலைமுறை, நம் பெயரை அறியாமலேயே, நம் நீரைப் பருகும்.